இரண்டு பலூனா, நான்கு பலூனா: பழைய ஜி.எம்.சி. மோட்டார்ஹோமின் பின்பக்கம்

நீங்கள் கேட்டிருப்பதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். ஒஹாயோவில் ஒருவரிடமிருந்து 1975-ஆம் ஆண்டு ஜி.எம்.சி. மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணம் செய்யும் வீட்டு வண்டி), 26 அடி, வாங்கியிருக்கிறீர்கள். ராத்திரி நிறுத்தினால் காலையில் பின்பக்கம் இடதுபுறம் உட்கார்ந்துவிடுகிறது. ஹைவேயில் பாலத்து இணைப்புகளைத் தாண்டும்போது பின்பக்கம் இரண்டு மூன்று முறை எழும்பி இறங்கித்தான் அடங்குகிறது. பின்பக்கத்தில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக வண்டியைத் தாங்கும் ரப்பர் காற்றுப்பைகளைப் பார்த்த ஒருவர், "இந்த இரண்டு காற்றுப்பையையும் கழற்றிவிட்டு நான்கு பை அமைப்பு போடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்றிருக்கிறார். அது அந்தச் செலவுக்குத் தகுமா, பையில் எத்தனை பவுண்டு காற்று வைக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

இதில் காற்று நிற்காதது ஒரு தொல்லை, ஆடுவது இன்னொரு தொல்லை. நான்கு பை என்பது இந்த இரண்டுக்குமே மருந்து இல்லை. பிரேக் போடும்போது வரும் மூன்றாவது தொல்லை ஒன்று உண்டு. அதற்கு ஓரளவு மருந்து, அவ்வளவுதான். நீங்கள் எழுதியதில் பிரேக் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சென்னையில் ஆம்னி பஸ் பணிமனையில் வேலை பழகியவன் நான். அங்கே காற்றுப்பையை யாரும் காற்றுப்பை என்று சொல்ல மாட்டார்கள், பலூன் என்பார்கள். பழக்கம் விடவில்லை, இங்கேயும் பலூன் என்றே எழுதுகிறேன். பதினேழு வருஷமாக மிச்சிகனில் கனரக வாகனங்களின் சஸ்பென்ஷன்தான் தொழில். சொந்தமாக 23 அடி ஜி.எம்.சி. ஒன்று வைத்திருக்கிறேன். 1973 முதல் 1978 வரை இந்த வண்டிகளைக் கட்டிய பான்டியாக் நகரம் என் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரம். இருந்தாலும் உங்கள் வண்டியின் அடியில் நான் படுத்துப் பார்த்ததில்லை. இது கடிதத்தில் நாடி பிடிப்பது போலத்தான், அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அந்தப் பின்பக்கம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதிக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள். இந்த வண்டியில் எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் ஓல்ட்ஸ்மொபில் டொரோனாடோ காரிலிருந்து வந்தவை. முன்சக்கரம்தான் இழுக்கிறது. அதனால் பின்னால் ஆக்ஸில் கிடையாது, நடுவில் ஓடும் ஷாஃப்டும் கிடையாது, தரை அவ்வளவு தாழ்வாக வந்தது அதனால்தான். ஒரு பக்கத்துக்கு இரண்டு சக்கரம், ஒன்றன் பின் ஒன்றாக. இரண்டுக்கும் நடுவே வண்டியின் சட்டத்தில் (சேசிஸில்) ஒரு பெட்டி போன்ற தாங்கி. அதிலிருந்து ஒரு கை முன்னால் நீண்டு அந்த இரண்டில் முன்னால் இருக்கும் சக்கரத்தைப் பிடிக்கிறது, இன்னொரு கை பின்னால் நீண்டு பின்னால் இருக்கும் சக்கரத்தைப் பிடிக்கிறது. இரண்டு கைகளுக்கும் இடையே ஒரே ஒரு பலூன், படுத்த வாக்கில். சக்கரம் மேலே ஏறினால் கை திரும்பி பலூனை நசுக்கும். இரண்டு பேர் ஒரு தலையணையை எதிரெதிரே நின்று அழுத்திப் பிடித்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அழுத்தினால் அந்த அழுத்தம் அப்படியே மற்றவருக்கும் போகும். ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் மற்ற சக்கரமும் அதே அளவு பலத்தோடு தரையில் அழுந்துகிறது. அந்தப் பக்கத்து எடை எப்போதும் இரண்டு டயருக்கும் சமமாகப் பிரிகிறது. வண்டியின் உடம்பு ஏறுவதும் மேட்டின் பாதி உயரம்தான். ஐம்பது வருஷத்துக்கும் முன்னால் இதை யோசித்தவர்கள் கெட்டிக்காரர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஜி.எம்.சி.யின் தாய் நிறுவனமான ஜி.எம்.முக்குக் (ஜெனரல் மோட்டார்ஸ்) காற்று சஸ்பென்ஷன் புதிதும் இல்லை. 1953-இலேயே பஸ்களில் போட்டார்கள், அது நின்றது. 1957-இல் காடிலாக் எல்டொராடோ பிரோம் காரில் போட்டார்கள், அது காற்றுக் கசிந்து கசிந்து, பலர் கழற்றிவிட்டு இரும்புச் சுருளைப் பொருத்திக்கொண்டார்கள். பஸ்ஸில் நின்றது காரில் நிற்காததற்குப் பல காரணம் சொல்லலாம். பணிமனைக்காரனாக எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: பஸ்ஸுக்கு தினமும் ஒருவன் அடியில் குனிந்து பார்க்கிறான், காருக்கு யார் பார்க்கிறார்கள்? உங்கள் மோட்டார்ஹோம் பார்க்க பஸ் மாதிரி, வருஷத்தில் பத்து மாதம் கொட்டகையில் தூங்குவதில் கார் மாதிரி.

சரி, எத்தனை பவுண்டு காற்று? இந்தக் கேள்வியை எல்லாரும் கேட்கிறார்கள், டயருக்குக் கேட்பது போலவே கேட்கிறார்கள். டயரும் பலூனும் ஒன்றல்ல. பலூனில் இருக்க வேண்டிய அழுத்தத்தை நீங்கள் முடிவு செய்வதில்லை, வண்டியின் எடைதான் முடிவு செய்கிறது. நீங்கள் காற்று ஏற்ற ஏற்ற வண்டி உயரும். எடை மாறவில்லை என்பதால் கேஜில் எண் ஏறக்குறைய அப்படியே நிற்கும். கைகள் திரும்பும் எல்லையைத் தொட்டு, இனி உயர வழியில்லை என்ற பிறகுதான் எண் விறுவிறுவென்று ஏறும். அந்த நிலையில் ஓட்டினால் சின்னப் பள்ளத்துக்கும் கை கீழே போக இடமில்லாமல் இடிக்கும். "காற்று கூடப் போட்டேன், வண்டி கல் மாதிரி ஆகிவிட்டது" என்று சொல்பவர்களின் கதை பெரும்பாலும் இதுதான். ஆகவே கேஜை ஒரு தராசாகப் பாருங்கள். சரியான உயரத்தில் நிற்கும் 26 அடி வண்டியில் அது நூறை ஒட்டி இருப்பது வழக்கம். இடது 90, வலது 105 என்று இருந்தால் காற்றைச் சமன் செய்யாதீர்கள். வலது பக்கம் கனமாக இருக்கிறது என்று அர்த்தம். ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி, பேட்டரி எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

நீங்கள் வைக்க வேண்டியது உயரத்தை. வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அளவு கொடுத்திருக்கிறார்கள். சட்டத்தில் குறிப்பிட்ட ஒரு துளையிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். தரை மட்டமாக இருக்க வேண்டும், வீட்டு டிரைவ்வே பெரும்பாலும் இருக்காது. டயர் மாற்றியிருந்தால் கவனம். இந்த வண்டிகள் 16.5 அங்குல ரிம்மோடு வந்தன, அதற்கு டயர் கிடைப்பது கஷ்டமாகி, பலர் 16 அங்குலத்துக்கு மாறிவிட்டார்கள். டயரின் உயரம் மாறினால் தரையிலிருந்து அளக்கும் அளவும் அந்த வித்தியாசம் அளவுக்கு மாறும். பின்பக்க உயரம் அழகுக்காக மட்டும் அல்ல. 26 அடி வண்டியின் சக்கர இடைவெளி 160 அங்குலம். பின்பக்கத்தை ஒரு அங்குலம் அதிகம் தூக்கினால் முன்சக்கரத்தின் காஸ்டர் கோணம் (ஸ்டீயரிங் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) மூன்றில் ஒரு டிகிரிக்கும் சற்று மேல் குறைந்துவிடும். காஸ்டர் குறைந்தால் ஸ்டீயரிங் நேராக நிற்க மறுக்கும், காற்றடித்தால் அலையும். பின்பக்கத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு முன்பக்கத்தை அலைன்மென்ட் கடைக்குக் கொண்டுபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் என்ன செய்வார் பாவம்.

இனி கசிவுக்கு வருவோம். ராத்திரியில் இறங்குவதெல்லாம் கசிவு இல்லை. மாலை 30 டிகிரி செல்சியஸில் நிறுத்திய வண்டி விடியற்காலை 10 டிகிரியில் நின்றால், பலூனுக்குள் இருக்கும் காற்று நூறில் ஆறேழு பங்கு சுருங்கிவிடும். எடை அதேதான், அதனால் அழுத்தம் குறையாது, கொள்ளளவுதான் குறையும், வண்டி கொஞ்சம் இறங்கும். ஆனால் அது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இறங்கும், வெயில் வந்ததும் தானே எழும். உங்கள் வண்டியில் இடது மட்டும் இறங்குகிறது என்கிறீர்கள். ஆக அது கசிவுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எங்கே என்பதுதான் தெரிய வேண்டும்.

அதற்கு ஒரு சின்னச் செலவு செய்யுங்கள். பலூனுக்குப் போகும் டியூபில், பலூனுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில், கையால் மூடித் திறக்கும் ஒரு பந்து வால்வு போடுங்கள். பலூனுக்கும் வால்வுக்கும் நடுவே ஒரு கேஜ். இரண்டு பக்கமும். வண்டியைச் சரியான உயரத்துக்கு ஏற்றி, இரண்டு வால்வையும் மூடி, இரண்டு பக்கமும் உயரத்தையும் வெளியே வெப்பத்தையும் எழுதி வையுங்கள். மறுநாள் அதே வெப்பம் வரும் நேரத்தில் மறுபடி அளங்கள். இடது அப்படியே நின்றால் பலூன் நல்ல பலூன், குற்றம் வால்வுக்கு முன்னால், கம்ப்ரசர் பக்கம், எங்கேயோ இருக்கிறது. இடது இறங்கினால் பலூனிலோ, அதன் வாயில் இருக்கும் இணைப்பிலோ, நீங்கள் இப்போது போட்ட புது வால்விலோ கசிகிறது. கடைசியில் சொன்னதைச் சிரிக்காதீர்கள், கசிவைத் தேடப் போட்ட இணைப்பே கசிந்த கதை என்னிடம் ஒன்றுக்கு மேல் உண்டு. பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து பிரஷ்ஷால் தடவுங்கள். மெதுவான கசிவுக்கு நுரை உடனே வராது, இரண்டு நிமிஷம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

வால்வுக்கு முன்னால் என்றால் வழக்கமான குற்றவாளிகள் கொஞ்சம் பேர்தான். ஐம்பது வருஷத்து டியூப் வளையும் இடத்தில் வெடித்திருக்கும். இணைப்புகளுக்குள் இருக்கும் ரப்பர் வளையம் செத்திருக்கும். உயரத்தைப் பார்த்துத் தானாகவே காற்றை ஏற்றி இறக்கும் லெவலிங் வால்வு உள்ளே தேய்ந்து, வெளியேற்றும் துளை வழியாக மெல்லக் காற்றை விட்டுக்கொண்டிருக்கும். கம்ப்ரசரிலிருந்து வரும் வழியில் காற்று திரும்பிப் போகாமல் தடுக்கும் ஒருவழி வால்வு அழுக்குப் பிடித்து மூடாமல் இருக்கும். கடைசியாகச் சொன்னது என்னை ஒரு கோடை முழுக்கப் படுத்தியது. என் வண்டியில் காற்று நிற்கவில்லை, கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருந்தது. கம்ப்ரசருக்குத்தான் வயசாகிவிட்டது என்று முடிவு கட்டி புதிது போட்டேன். அது ஆறு வாரத்தில் சூடாகிச் செத்தது. இன்னும் பெரியதாக ஒன்று போட்டேன். அதையும் கருக்கிய பிறகுதான் அந்த விரல் அளவு ஒருவழி வால்வைக் கழற்றிப் பார்த்தேன், உள்ளே துரு. தொழிலே இதுதான் என்று சொல்லிக்கொள்பவனின் நிலைமை இது. ஆகவே கம்ப்ரசர் ஓயாமல் ஓடினால் முதலில் கம்ப்ரசரைச் சந்தேகப்படாதீர்கள். 12 வோல்ட் கம்ப்ரசர்கள் பெரும்பாலும் தொடர்ந்து ஓடுவதற்குச் செய்தவை அல்ல, கொஞ்சம் ஓடி நிறைய ஓய்வெடுக்க வேண்டியவை. கசிவுதான் அவற்றைக் கொல்கிறது. காற்றுத் தொட்டி இருந்தால் அடியில் தேங்கும் தண்ணீரைக் குளிருக்கு முன் வடித்துவிடுங்கள், நம் பக்கத்துப் பனியில் அது உறைந்து குழாயை அடைக்கும்.

பலூனையே மாற்ற வேண்டுமா என்பதற்கு நான் பார்க்கும் அடையாளம் எளிது. மேல்தோலில் மெல்லிய வெடிப்புகள் இருந்தால் பயப்பட வேண்டாம், கண் வைத்திருங்கள். வெடிப்புக்குள் ரப்பரைப் பலப்படுத்தும் நூல் தெரிந்தால் அந்த பலூனின் ஆயுள் முடிந்தது. மடிப்பு உருளும் இடத்தை நன்றாகக் கழுவி, டார்ச் அடித்துப் பாருங்கள், வெடிப்பு ஒளிந்திருப்பது அங்கேதான். பலூன் நன்றாக இருந்தும் அதன் விளிம்பு உட்காரும் உலோக முனையில் துரு ஏறிப் பொருக்கு தட்டியிருந்தால் அங்கிருந்து கசியும். புது பலூன் போட்டும் கசிகிறது என்று வருபவர்களிடம் இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். முந்தைய உரிமையாளர் எப்போது மாற்றினார் என்று தெரியாவிட்டால், என்னைக் கேட்டால், இரண்டு பக்கமும் மாற்றிவிடுவேன். பலூனுக்கு இத்தனை வருஷம்தான் ஆயுள் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது, வெயிலும் எண்ணெயும் அதிகம் சுமந்து ஓடியதும் எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. ஆனால் வழியில் ஒரு பலூன் போனால் அந்தப் பக்கம் முழுக்க உட்கார்ந்துவிடும், குழந்தைகளோடு ஹைவே ஓரத்தில் நிற்க வேண்டியிருக்கும். பழையதில் நல்லதாக இருப்பதைக் கழற்றி ஸ்பேராக வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஆட்டம். பாலத்து இணைப்பு தாண்டி இரண்டு மூன்று முறை எழும்பி இறங்குவது பலூனின் குற்றம் இல்லை. பலூன் ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். எழும்பியதை அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை. ஷாக் செத்துப்போன வண்டியில் எத்தனை புது பலூன் போட்டாலும் ஆடும், நான்கு போட்டால் நான்கும் ஆடும். கழற்றி, நிமிர்த்திப் பிடித்து, கையால் இழுத்து அழுத்திப் பாருங்கள். இழுக்கும்போதும் அழுத்தும்போதும் எதிர்ப்பு விட்டுவிடாமல் தொடர்ந்து இருக்க வேண்டும். நடுவில் பொசுக்கென்று விட்டுக்கொடுத்தால் குப்பை. எண்ணெய் வழிந்திருந்தால் சோதித்துப் பார்க்கவே வேண்டாம், அதுவும் குப்பைதான். ஷாக்கைப் பொருத்தும் ரப்பர் புஷ்களையும் சேர்த்தே மாற்றுங்கள்.

மேலும் கீழும் ஆடுவதோடு வால் பக்கவாட்டிலும் அலைகிறது என்றால் கைகள் திரும்பும் அச்சாக இருக்கும் உலோகப் பின்னையும் அதைச் சுற்றி இருக்கும் உறையான புஷ்ஷையும் பார்க்க வேண்டும். இந்த வண்டிகளில் பலரும் மறக்கும் இடம் இதுதான், கிரீஸ் வைக்கும் நிப்பிள் அழுக்குக்குள் ஒளிந்திருக்கும். சட்டத்தைத் தாங்கி நிறுத்தி, சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலேயும் கீழேயும் பிடித்து உள்ளும் வெளியும் அசைத்துப் பாருங்கள். கூட ஒருவர் உள்ளே டார்ச் அடிக்கட்டும். பிரேக் டிரம் மட்டும் பின்தட்டிலிருந்து தனியாக அசைந்தால் வீல் பேரிங். டிரம், தட்டு, கை எல்லாம் சேர்ந்து தாங்கியின் இடத்தில் அசைந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது. டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருப்பதும் இதைத்தான் சொல்லும். பின்னைக் கழற்றுவது சுத்தியலால் முடிகிற வேலை இல்லை, பல வருஷம் கிரீஸ் காணாதது துருவோடு ஒன்றாகியிருக்கும். அதற்கென்று இழுக்கும் கருவி வேண்டும். அதைக் கடைக்கு விடுங்கள் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை, என் வண்டிக்கே இரண்டு நாள் ஆயிற்று.

இனி நான்கு பலூன். இதில் இரண்டு கைக்கும் நடுவே இருக்கும் ஒரே பலூனை எடுத்துவிட்டு, ஒவ்வொரு கைக்கும் தனியாக ஒரு பலூன் வைத்து, அதன் மறுமுனையைச் சட்டத்தோடு பிணைத்த ஒரு தாங்கியில் உட்கார வைக்கிறார்கள். கைகள் இனி ஒன்றையொன்று தள்ளாது. இதனால் என்ன லாபம் என்று தெரிய, பிரேக் போடும்போது என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். டிரம்மின் பின்தட்டு கையில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறது. பிரேக் பிடித்ததும் சக்கரம் கையையும் தன்னோடு திருப்பப் பார்க்கும். முன்னால் நீண்ட கை கீழ்நோக்கித் திரும்பி அந்தச் சக்கரத்தைத் தரையில் அழுத்தும். பின்னால் நீண்ட கை மேல்நோக்கித் திரும்பி கடைசிச் சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். இரண்டும் ஒரே திசையில் திரும்புவதால் நடுவில் இருக்கும் பலூன் நசுங்குவதில்லை. இரண்டு கைகளோடும் சேர்ந்து அதுவும் நகர்ந்துகொடுக்கும், தடுக்காது. விளைவு, கடைசிச் சக்கரம் லேசாகி, அதுதான் முதலில் பூட்டிக்கொள்ளும், சில வண்டியில் துள்ளும். மேடு பள்ளத்தில் எடையை அழகாகப் பங்கிட்ட அதே ஏற்பாடு பிரேக்கில் கைவிடுகிறது. இதுவரை சொன்னது பேனாவும் தாளும் வைத்துக் கணக்குப் போட்டால் வருவது, இதில் விவாதத்துக்கு இடமில்லை.

நான்கு பலூன் போட்டால் இது எவ்வளவு தீரும் என்பதில்தான் எனக்குத் தயக்கம். போட்டவர்கள் பிரேக் நிதானமாகப் பிடிக்கிறது, வளைவில் சாய்வு குறைந்தது என்கிறார்கள். நான் அப்படிப்பட்ட வண்டியை இரண்டு முறை ஓட்டியிருக்கிறேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இரண்டிலும் ஷாக், புஷ், டயர் எல்லாமே புதிது. எதனால் நன்றாக இருந்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. கணக்குப்படி பார்த்தால், ஒவ்வொரு கைக்கும் தனி பலூன் இருப்பதால் அந்தத் திரும்பலுக்கு ஒரு தடை கிடைக்கிறது, அது உண்மை. ஆனால் பிரேக்கின் முறுக்கு இன்னமும் கை வழியாகத்தான் போகிறது, கடைசிச் சக்கரம் லேசாவது குறையலாமே தவிர மறையாது. அதை அடியோடு எடுக்க வேண்டுமானால் பிரேக்கைக் கையிலிருந்து விடுவித்து, தனியே ஒரு தண்டு வழியாக அந்த முறுக்கைச் சட்டத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கும் இந்த வண்டிக்காரர்களிடையே ஒரு ஏற்பாடு உண்டு, டிஸ்க் பிரேக்கோடு சேர்த்துப் போடுகிறார்கள். பிரேக்தான் உங்கள் கவலை என்றால் நேராக அதைப் பற்றி விசாரிப்பதே புத்தி. அதற்கும் முன்னால், இருக்கும் டிரம் பிரேக் நான்கும் சரியாக அட்ஜஸ்ட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பாதி வண்டிகளில் இருக்காது.

நான்கு பலூனில் நஷ்டமும் உண்டு, விற்பவர்கள் அதைச் சத்தமாகச் சொல்வதில்லை. இரண்டு சக்கரத்துக்கும் எடை சமமாகப் பிரிந்தது போய்விடும். பெட்ரோல் பங்க் வாசலில் இருக்கும் மேட்டில் சாய்வாக ஏறும்போது ஒரு சக்கரமே அந்தப் பக்கத்து எடையில் பெரும்பகுதியைச் சுமக்கும். ஒரு பக்கத்து இரண்டு பலூனையும் டியூபால் இணைத்தால் நிற்கும்போது சமமாகிவிடும், வேகத்தில் அந்த மெல்லிய டியூப் வழியாகக் காற்று ஓடிச் சேர நேரமில்லை. இணைப்புகளும் இரட்டிப்பாகும், கசியக்கூடிய இடங்களும் இரட்டிப்பாகும். கசிவுக்கு மருந்தாக இதைச் சொன்னவர் இதை யோசித்தாரா தெரியவில்லை. சவாரி மென்மையாகுமா கடினமாகுமா என்றால், அது பலூனின் கொள்ளளவைப் பொறுத்தது. ஒரே எடையை, ஒரே பரப்பில், குறைவான காற்று தாங்கினால் ஸ்பிரிங் கடினமாகும், அதிகக் காற்று தாங்கினால் மென்மையாகும். வாங்கும் முன் அந்தக் கொள்ளளவைக் கேளுங்கள், சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். அது போக, பலூனின் பலம் இப்போது சட்டத்தில் புது இடங்களில் இறங்குகிறது. முன்பு இரண்டு கைக்கும் இடையிலேயே முடிந்துபோன பலம் அது. அங்கே துரு இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம் பார்த்தாக வேண்டும். ஒரு நல்லதையும் சொல்ல வேண்டும்: தனித்தனியாக வால்வு வைத்திருந்தால், வழியில் ஒரு பலூன் போனாலும் மற்றதை வைத்துக்கொண்டு மெதுவாக ஊர் போய்ச் சேரலாம். தூரப் பயணம் அதிகம் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்தான்.

ஆக, நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வருஷம் நான்கு பலூன் போட மாட்டேன். டியூப் முழுக்கப் புதிது, வால்வும் கேஜும் இரண்டு பக்கமும், ஒருவழி வால்வு, தேவைப்பட்டால் பழைய மாதிரியே இரண்டு பலூன், நல்ல ஷாக், புஷ் சோதனை, கிரீஸ், உயரம் சரி செய்தல், அதற்கப்புறம் முன்பக்க அலைன்மென்ட். இந்த வரிசையை மாற்றாதீர்கள். தானியங்கி லெவலிங் வால்வு தொல்லை கொடுத்தால் அதைத் துண்டித்துவிட்டுக் கையாலேயே காற்று ஏற்றி இறக்கும்படி மாற்றிக்கொண்டவர்கள் நிறைய. நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன், கிளம்பும் முன் இரண்டு கேஜைப் பார்ப்பது கண்ணாடி பார்ப்பது போலப் பழகிவிட்டது. ஒரு சீசன் இப்படி ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் பிரேக்கில் பின்பக்கம் துள்ளினால் அப்போது பேசலாம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பலூனில் காற்று இருக்கிறது என்று நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஜாக்கியை நம்பியும் போகாதீர்கள். டியூப் கழன்றால் அந்தப் பக்கம் இறங்க ஒரு மூச்சு நேரம்கூட ஆகாது, தாழ்வான இந்த வண்டியில் தரைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஆள் படுக்க இடம் மிஞ்சாது. சட்டத்தின் கீழ் எடைக்குத் தகுந்த ஸ்டாண்ட் இரண்டு பக்கமும் வைத்து, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பிறகு அடியில் போங்கள். பலூனைக் கழற்றும் முன் காற்று முழுவதும் போய்விட்டதா என்று கேஜில் பாருங்கள், போதாதென்றால் இணைப்பைக் கால் சுற்று தளர்த்திச் சத்தம் நின்ற பிறகு கழற்றுங்கள். பணிமனையில் எனக்கு மூத்தவர் ஒருவர் பலூன் கழற்றும்போது முகத்தை எப்போதும் ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்வார். அவர் இடது காது கேட்காதவர். ஏன் என்று நான் கேட்டதே இல்லை.

அடுத்த முறை லாரிகள் நிற்கும் எடைமேடை பக்கம் போனால், ஊருக்குக் கிளம்பும் அதே சாமான்களோடு, தண்ணீர் நிரப்பி, முன்னும் பின்னும் தனித்தனியாக எடை போடுங்கள். அந்தச் சீட்டையும், ராத்திரிக்கு முன்னும் பின்னும் எடுத்த நான்கு உயரங்களையும், அந்த நேரத்து வெப்பத்தையும் இங்கேயே எழுதுங்கள். கசிவு வால்வுக்கு முன்னாலா பின்னாலா என்பது அந்த உயரங்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.